கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுங்கள்: முதல் முறை ஓப்பன் செஸ் போட்டி ஆடுகிறவர்களுக்கு

கேள்வி: பத்து வயது மகளும் நானும் சிங்கப்பூரில் ஒரே ஓப்பன் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். சுவிஸ் முறை (ஒரே புள்ளியில் இருப்பவர்களை எதிரெதிரே போடுவது), ஏழு சுற்று, ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு மூவுக்கும் 30 நொடி கூடுதல். அவள் பள்ளிப் போட்டிகள் ஆடியிருக்கிறாள். நான் கைப்பேசியில் ஆடியதோடு சரி. எந்தெந்த விதிகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்? ஏதாவது தகராறு வந்தால் என்ன செய்வது?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதில்தான் வந்து நிற்கும். ஓப்பன் போட்டிகளில் நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவற்றில் இரண்டு பேருக்குமே விதி ஓரளவு தெரிந்திருந்தது. நடுவரைக் கூப்பிடாமல் தாங்களே பேசித் தீர்க்கப் பார்த்ததுதான் பிரச்சினையைப் பெரிதாக்கியது. அதனால் மகளுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லித்தர நேரம் இருந்தால் இதைச் சொல்லுங்கள்: சந்தேகம் வந்தால் கடிகாரத்தை நிறுத்து, கையைத் தூக்கு, நடுவர் வரும்வரை எந்தக் காயையும் தொடாதே, எதிரே இருப்பவரோடு வாதாடாதே. நடுவரின் உதவி கேட்பதற்காகக் கடிகாரத்தை நிறுத்த ஆட்டக்காரருக்கு முழு உரிமை உண்டு. டிஜிட்டல் கடிகாரத்தில் நிறுத்தும் பொத்தான் எது என்று முதல் சுற்றுக்கு முன்னாலேயே பார்த்து, அவளையே ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள். கேட்க உரிமை இருந்தும் பொத்தான் தெரியாமல் நேரத்தைக் கரைத்த பிள்ளைகள் நிறையப் பேர்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகவே தேவை. பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கிறோம், நல்லதுதான். ஆனால் ஓப்பன் என்றால் வயது வரம்பு கிடையாது. பத்து வயதுப் பெண்ணுக்கு எதிரே அறுபது வயதுக்காரர் உட்காருவார். ஒரு சமூக மன்றத்தின் மண்டபத்தில் நடந்த போட்டியில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பையன், எதிரே ஐம்பதைத் தாண்டிய ஒருவர். அவர் பிஷப்பைக் கையில் எடுத்துப் பாதி தூரம் கொண்டுபோன பிறகுதான், பையனின் குதிரை தன் ராணியைத் தாக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். பிஷப்பைப் பழைய கட்டத்திலேயே வைத்துவிட்டு ராணியை நகர்த்தினார். பையன் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். "அங்கிள், டச் மூவ்" என்று வாய்க்குள்ளேயே சொன்னான். "சும்மா அட்ஜஸ்ட் பண்ணினேன்" என்றார் அவர். பையன் தலையை ஆட்டிவிட்டுத் தன் யானையை (ரூக்) எடுத்து ஆடினான். அவ்வளவுதான், உரிமை போய்விட்டது. எதிராளி தொட்ட காயை ஆடவில்லை என்று புகார் செய்ய வேண்டுமானால், நம் கை ஒரு காயைத் தொடுவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும். வேண்டுமென்றே ஒரு காயைத் தொட்ட பிறகு அந்தப் புகார் செல்லாது என்று விதியிலேயே இருக்கிறது. ஆட்டம் முடிந்து பையனின் அப்பா கோபமாக நடுவர் மேசைக்கு வந்தார். அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. 1994-ல் ஸ்பெயினின் லினாரெஸில் கேரி காஸ்பரோவுக்கு எதிராக யூதித் போல்கார் ஆடினார். காஸ்பரோவ் உலக சாம்பியன், போல்காருக்கு 17 வயது. காஸ்பரோவ் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்து, விரலை எடுத்து, மனம் மாறி வேறு கட்டத்துக்குக் கொண்டுபோனார். விரல் காயை விட்டு விலகியிருந்தது ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான், ஆனால் விலகியது பின்னர் ஒளிப்பதிவில் தெரிந்தது. போல்கார் அந்த இடத்தில் புகார் செய்யவில்லை, ஆட்டத்தில் தோற்றார். அவ்வளவு பெரிய போட்டிக்கு முதல் முறை அழைக்கப்பட்ட இடத்தில் சங்கடம் உண்டாக்க வேண்டாம் என்று தயங்கியதாகப் பிற்பாடு விளக்கினார். அவருக்கே அந்தத் தயக்கம் வந்தது என்றால் உங்கள் மகளுக்கும் வரும். அதனால் வீட்டிலேயே பழக்குங்கள். "எக்ஸ்கியூஸ் மீ" என்று மரியாதையாகச் சொல்லிக் கடிகாரத்தை நிறுத்துவதில் எந்த அவமரியாதையும் இல்லை. எதிராளியைத் திட்டினால்தான் அவமரியாதை. நடுவரைக் கூப்பிடுவது ஆட்டத்தின் ஒரு பகுதி.

சரி, தொட்ட காய் விதிக்கே வருவோம், ஏனென்றால் கைப்பேசியில் மட்டும் ஆடியவர்களுக்கு முதலில் சறுக்குவது இங்கேதான். உங்கள் முறை வரும்போது உங்கள் காய் ஒன்றை வேண்டுமென்றே தொட்டால் அதை ஆட வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால் அதை வெட்ட வேண்டும். தொட்ட காயை விதிப்படி நகர்த்தவோ வெட்டவோ வழியே இல்லை என்றால் மட்டும் வேறு எதையும் ஆடலாம். காயைக் கட்டத்தில் வைத்துக் கையை எடுத்துவிட்டால் அந்த நகர்த்தலை மாற்ற முடியாது. கட்டத்தில் கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய வேண்டுமா? உங்கள் முறையாக இருக்க வேண்டும், தொடுவதற்கு முன்பே "அட்ஜஸ்ட்" என்று சொல்ல வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. 2016-ல் மாஸ்கோவில், உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் ஹிகாரு நகமுரா, ஆரோனியனுக்கு எதிரான ஆட்டத்தில் ராஜாவைத் தொட்டுவிட்டு, சரிசெய்வதாகச் சொன்னார். ஆரோனியன் ஏற்கவில்லை, நடுவர் வந்தார், ராஜாவையே ஆட வேண்டியதாயிற்று. நகமுரா தோற்றார். உலகின் முதல் பத்து இடங்களுக்குள் இருந்தவருக்கே அதுதான் விதி.

காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) செய்யும்போது ராஜாவை முதலில் எடுக்க வேண்டும், ஒரே கையால் செய்ய வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டு அப்புறம் ராஜாவைத் தொட்டால் அந்தப் பக்கம் காஸ்லிங் செய்ய முடியாது, யானையைத்தான் ஆட வேண்டும். இரண்டு கையாலும் செய்துவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினால் அது விதிமீறிய நகர்த்தலுக்குச் சமம். சிப்பாயால் வெட்டும்போது ஒரு கையால் எதிராளியின் காயை எடுத்து மறு கையால் நம் காயை வைப்பதும் அப்படித்தான். வாய்ட் டெக் (அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளம்) மேசையிலும் கோப்பிக் கடையிலும் ஆடிப் பழகியவர்களிடம் இந்த இரட்டைக் கைப் பழக்கம் ஆழமாக இருக்கும். வீட்டில் ஆடும்போதே விட்டொழியுங்கள்.

விதிமீறிய நகர்த்தலுக்கு என்ன தண்டனை? செக்கில் இருக்கும் ராஜாவைக் காப்பாற்றாமல் வேறு காயை ஆடிவிட்டுக் கடிகாரத்தை அழுத்தினீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் முறை என்றால் காய்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தருவார் நடுவர். இரண்டாவது முறை அதே ஆட்டத்தில் செய்தால் தோல்வி. நகர்த்தாமலே கடிகாரத்தை அழுத்துவதும், சிப்பாயைக் கடைசி வரிசையில் வைத்துவிட்டு ராணியாக மாற்றாமல் அழுத்துவதும் இதே கணக்கில் சேரும். கடிகாரத்தை அழுத்துவதற்குள் தவறைக் கவனித்துவிட்டால் தண்டனை கிடையாது. ஆனால் தொட்ட காயை முடிந்தால் ஆட வேண்டும் என்பது அப்போதும் உண்டு. இன்னொன்று: உங்கள் மாதிரி நீண்ட நேர ஆட்டத்தில் விதிமீறல் நாலைந்து மூவ் கழித்துத் தெரிந்தாலும், ஆட்டம் முடியவில்லை என்றால், அந்த இடத்துக்கே திரும்பிப் போய் ஆட வேண்டும். ரேபிட், பிளிட்ஸ் என்ற குறைந்த நேர ஆட்டங்களில் அப்படி இல்லை. எதிராளி அடுத்த மூவை ஆடிவிட்டால் கதை முடிந்தது. பள்ளிப் போட்டிகள் பல ரேபிட் நேரத்தில் நடப்பதால் மகளுக்கு இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

சிப்பாயை ராணியாக்கும் இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பலகைக்குப் பக்கத்தில் ராணி இல்லை என்றால் யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொல்லும் பழக்கம் நட்பு ஆட்டங்களில் உண்டு. போட்டியில் தலைகீழ் யானை யானைதான். 2017-ல் கனடாவின் தேசியப் போட்டியில், சாம்பியன் யார் என்று முடிவுசெய்யும் பிளிட்ஸ் ஆட்டத்தில் நிகோலாய் நோரிட்சின் நேர நெருக்கடியில் இப்படித்தான் வைத்தார். வெட்டுப்பட்ட அவருடைய ராணி எதிராளி பாத்தோர் சாம்புவெவின் கைக்குள் இருந்தது, அதனால் மேசையில் தேடியும் கண்ணில் படவில்லை. நடுவர் அதை யானை என்றே அறிவித்தார். பட்டம் சாம்புவெவுக்குப் போயிற்று. அந்தச் சம்பவத்திலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள். ராணி கிடைக்கவில்லை என்றால் கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் ராணி கேளுங்கள், அதற்கு விதியில் இடம் இருக்கிறது. அதேபோல வெட்டிய காய்களைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருக்காமல் மேசையில் எதிராளிக்குத் தெரியும்படி வையுங்கள்.

கடிகாரத்தைப் பற்றிச் சுருக்கமாக: காய் நகர்த்திய அதே கையால் அழுத்துங்கள், தட்டாதீர்கள், பொத்தானுக்கு மேலே விரலைத் தொங்கவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆடும்போது காய்கள் சரிந்தால் உங்கள் நேரத்தில் நிமிர்த்திவிட்டு அப்புறம் அழுத்துங்கள். நேரம் தீர்ந்தால் தோல்வி. ஆனால் எதிராளியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் டிரா.

நகர்த்தல்களை எழுதுவது உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன், மகளைவிட. ஒவ்வொரு நகர்த்தலையும், உங்களுடையதும் எதிராளியுடையதும், ஸ்கோர்ஷீட்டில் எழுத வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் எழுத வேண்டாம் என்று ஒரு சலுகை இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். மூவுக்கு 30 நொடியோ அதற்கு மேலோ கூடுதல் தரும் ஆட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. கடைசி மூவ்வரை எழுத வேண்டும். முதலில் எழுதிவிட்டு அப்புறம் நகர்த்துவதும் கூடாது, டிரா கேட்டு முறையிடும்போது தவிர. பழைய பயிற்சியாளர்கள் சிலர் 'எழுதிப் பார், யோசி, பிறகு ஆடு' என்று இன்னமும் சொல்லித்தருகிறார்கள். அது இப்போது குறிப்பு வைத்துக்கொள்வதாகக் கருதப்படும். பேப்பரில் "நிதானம்", "ராஜாவைப் பார்" என்றெல்லாம் எழுதிக்கொள்ளக் கூடாது. மூவ், கடிகார நேரம், டிரா கேட்டதற்கான சமக்குறி, இவை போதும். ஒழுங்காக எழுதிய பேப்பர்தான் தகராறு வரும்போது உங்கள் சாட்சி. அது இல்லாமல் மூன்று முறை ஒரே நிலை வந்தது என்று நிரூபிக்கவே முடியாது.

டிரா பற்றித் தவறான எண்ணங்கள் நிறைய. டிரா கேட்க ஒரு முறை இருக்கிறது: காயை நகர்த்துங்கள், டிரா கேளுங்கள், கடிகாரத்தை அழுத்துங்கள். எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போது கேட்டால் அந்தக் கோரிக்கை செல்லும், ஆனால் தொந்தரவு செய்ததாக நடுவர் கண்டிக்கலாம். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. எதிராளி வாயால் மறுக்கலாம், அல்லது காயை எடுத்து ஆடினாலே மறுத்ததாகிவிடும். தோற்கும் நிலையில் இருக்கும் பெரியவர் ஒருவர், எதிரே இருக்கும் பிள்ளையிடம் மூவுக்கு மூவ் "டிரா?" "டிரா?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இது வெறும் அசிங்கம் மட்டுமில்லை, எதிராளியைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதிக்கே எதிரானது. மகளுக்கு இப்படி நடந்தால் இரண்டாவது தடவையே கையைத் தூக்கச் சொல்லுங்கள்.

மூன்று முறை என்பது ஒரே மூவைத் திரும்பத் திரும்ப ஆடுவதைக் குறிப்பதில்லை. ஒரே நிலை, ஆடவேண்டியவரும் அதே ஆள், காஸ்லிங் போன்ற உரிமைகளும் மாறாமல், மூன்றாவது முறை வர வேண்டும். இடையில் வேறு நிலைகள் வந்திருந்தாலும் பரவாயில்லை. உங்கள் அடுத்த மூவால் அந்த நிலை வரப்போகிறது என்றால், அந்த மூவைப் பேப்பரில் எழுதி, பலகையில் ஆடாமல், கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் சொல்லுங்கள். ஆடிவிட்டுச் சொன்னால் அது எதிராளியின் முறை, உங்கள் உரிமை போய்விடும். முறையீடு தவறு என்றால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும், நீங்கள் எழுதிய மூவை ஆடித்தான் ஆக வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும் ஐந்தாவது முறை அதே நிலை வந்தால் ஆட்டம் தானாக டிரா.

இனி கைப்பேசி. இதில் எனக்கு இரக்கமே கிடையாது, விதிக்கும் கிடையாது. விளையாடும் வளாகத்தில் உங்கள் உடம்பில் கைப்பேசி இருப்பது தெரிந்தால் ஆட்டம் தோல்வி. ஒலித்ததா, சைலன்ட்டில் இருந்ததா, பயன்படுத்தினீர்களா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. போட்டி விதிகள் அனுமதித்தால் முழுவதும் அணைத்துப் பையில் வைத்து, நடுவர் சொல்லும் இடத்தில் பையை வைக்கலாம். ஆட்டம் முடியும்வரை அனுமதியில்லாமல் அந்தப் பையைத் திறக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில் எடுக்கக்கூட. தண்ணீரையும் மருந்தையும் பேனாவையும் முன்னாலேயே வெளியே எடுத்துவையுங்கள். 2003-ல் ப்ளோவ்டிவில் நடந்த ஐரோப்பிய அணிகள் போட்டியில் ருஸ்லான் பொனமாரியோவின் கைப்பேசி ஒலித்து ஆட்டம் போயிற்று. அப்போது அவர் ஃபிடே (சர்வதேச செஸ் கூட்டமைப்பு) உலக சாம்பியன். அன்றைக்கு அவருடைய இருபதாவது பிறந்தநாள்.

சிங்கப்பூரில் இதில் மாட்டுவது பெரும்பாலும் பிள்ளைகளின் ஸ்மார்ட் வாட்ச். பள்ளி விட்டதும் அம்மா கூப்பிடுவதற்காகக் கட்டிவிட்டது, கையிலேயே இருக்கும், யாருக்கும் நினைவிருக்காது. வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். சாதாரண கைக்கடிகாரத்தையும் வேண்டாம் என்று சொல்லும் போட்டிகள் இருக்கின்றன. இயர்ஃபோன், மின்பேனா மாதிரி எதுவும் வேண்டாம். நடுவர் பையையோ சட்டைப்பையையோ சோதிக்க வேண்டும் என்றால் ஒத்துழையுங்கள், அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு, அதை அவமானமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. 2019-ல் ஸ்ட்ராஸ்பூர்க் ஓப்பனில் இகோர்ஸ் ரவுசிஸ் என்ற கிராண்ட்மாஸ்டர் கழிப்பறையில் கைப்பேசியோடு பிடிபட்டார். பட்டம் பறிக்கப்பட்டு ஆறு ஆண்டு தடையும் வந்தது. அந்த மாதிரிச் சம்பவங்களால்தான் கழிப்பறைக்குப் போகிறவர்களையும் நடுவர்கள் கவனிக்கிறார்கள். உங்கள் முறை ஓடிக்கொண்டிருக்கும்போது விளையாடும் இடத்தைவிட்டு வெளியே போக வேண்டுமானால் நடுவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

எதிராளி மேலேயே சந்தேகம் வந்தால் நடுவரிடம் தனியாகச் சொல்லுங்கள். எதிராளியின் முகத்துக்கு நேராகவோ வாட்ஸ்அப் குழுவிலோ "ஏமாற்றினான்" என்று சொல்லாதீர்கள். ஆதாரமே இல்லாமல் ஒருவர்மேல் ஏமாற்றுப் பழி சுமத்துவதும் ஃபிடே விதிகளில் குற்றம்.

அடுத்து பெற்றோர். நீங்களும் ஆடுவதால் இரட்டை வேடம் உங்களுக்கு. ஆட்டம் முடிந்தவர் பார்வையாளராகிவிடுகிறார், அவர் மற்ற ஆட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. மகளின் எதிராளி விதிமீறினாலும், மகள் கவனிக்காவிட்டாலும், நீங்கள் போய்ச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நடுவர். மகளிடமோ எதிராளியிடமோ சொன்னால் அது தலையீடு. "கொடி விழுந்துவிட்டது" (நேரம் தீர்ந்துவிட்டது) என்றுகூட வாய்திறக்கக் கூடாது.

தமிழில் பேசுவதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். ஆட்டம் நடக்கும்போது மகளின் போர்டுப் பக்கம் போய் "சாப்பிட்டியா?", "தண்ணி குடி" என்று கேட்பது நமக்கு இயல்பு. ஆனால் எதிராளிக்கும் நடுவருக்கும் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அவர்கள் காதில் விழுவது, ஒரு அப்பா மகளுக்கு அவர்களுக்குப் புரியாத மொழியில் ஏதோ சொன்னார் என்பது மட்டும்தான். புகார் வந்தால் நீங்கள் சொன்னது தண்ணீரைப் பற்றித்தான் என்று நிரூபிக்க வழி இல்லை. அவள் உங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தாலும் நீங்கள் தலையாட்டாதீர்கள். அவள் தோற்கிறாள் என்று உங்கள் முகம் சொல்லிவிடும், அதுவும் ஒரு தகவல்தான். அவள் போர்டிலிருந்து தள்ளி நில்லுங்கள், அவள் பார்வைக்கு நேரே நிற்காதீர்கள். சாப்பாடு, தண்ணீர், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் ஆட்டத்துக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். ஏர்கான் மண்டபத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் பிள்ளைகள் விறைத்துப்போகிறார்கள்.

நீங்கள் ஆடும்போது எதிரே உங்கள் மகள் வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஆட்டத்துக்கு முன்னால் கை கொடுங்கள். கை கொடுக்க விரும்பாதவர் என்றால் தலையசைப்பு போதும். பெருமூச்சு விடாதீர்கள், விரலால் மேசையைத் தட்டாதீர்கள், பிள்ளை யோசிக்கும்போது பின்னால் போய் நின்று எட்டிப்பார்க்காதீர்கள். ரேட்டிங்கை (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) பார்த்து அலட்சியமாகவும் இருக்காதீர்கள். பிள்ளைகளின் ஆட்டம் மாதத்துக்கு மாதம் ஏறும், ரேட்டிங் அதன் பின்னால் மெதுவாகத்தான் வரும். 1500 என்று காட்டும் பிள்ளை உங்களை முப்பது மூவில் முடித்துவிடலாம். தோற்றால் எழுந்து கை கொடுத்து, நன்றாக ஆடினாய் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அது பல நாள் நினைவிருக்கும்.

தாமதம்: எத்தனை நிமிடம் வரை வரலாம் என்று ஒவ்வொரு போட்டி அறிவிப்பிலும் இருக்கும். அதைத் தாண்டினால் ஆடாமலே தோல்வி. எம்ஆர்டி ரயில் தாமதம் என்ற காரணம் எல்லா நேரமும் எடுபடாது, கால் மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். ஏதாவது சுற்றுக்கு வர முடியாது என்றால் பேரிங் (யாருக்கு எதிரே யார் என்ற பட்டியல்) போடுவதற்கு முன் நடுவரிடம் சொல்லி, ஆடாமலே அரைப் புள்ளி தரும் 'பை' (bye) கிடைக்குமா என்று கேளுங்கள். பெரும்பாலும் கடைசிச் சுற்றுகளுக்குத் தரமாட்டார்கள். சொல்லாமல் வராமல் இருந்தால் எதிரே ஒருவர் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அடுத்த சுற்றுகளிலிருந்து உங்கள் பெயரும் நீக்கப்படலாம். உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், அறிவிப்பில் உள்ளதைப் படித்துவிட்டு, சுத்தமான சட்டை, பேண்ட், ஷூ போட்டுப் போங்கள். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் உலக ரேபிட் போட்டியில் மாக்னஸ் கார்ல்சனே ஜீன்ஸுக்காக 200 டாலர் அபராதம் கட்ட வேண்டி வந்து, உடை மாற்ற மறுத்ததால் ஒரு சுற்றில் ஆட முடியாமல் போனது. சிகரெட்டுக்கு ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் இடமில்லை. வேப்பிங் சிங்கப்பூரில் சட்டப்படியே குற்றம், போட்டி விதி வரை போக வேண்டியதில்லை.

ஆட்டம் முடிந்தால் கடிகாரத்தை நிறுத்தி, இரண்டு ஸ்கோர்ஷீட்டிலும் முடிவை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகள் அவசரத்தில் வெற்றியை மாற்றி எழுதிக் கொடுத்துவிடுவது நடக்கிற ஒன்று. கையெழுத்திட்ட முடிவு தவறாக இருந்தாலும் நடுவர் வேறு முடிவெடுக்காதவரை அதுவே நிற்கும். ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: எழுதியதை மறுபடி பார்த்துவிட்டுத்தான் பேனாவை மூட வேண்டும். பேரிங் பலகையிலும் இணையத்திலும் முடிவு சரியாக ஏறியிருக்கிறதா என்று அடுத்த சுற்றுக்கு முன் நீங்களே பாருங்கள். தவறு இருந்தால் உடனே சொன்னால் திருத்துவார்கள். அடுத்த பேரிங் வெளியான பிறகு திருத்துவது எல்லாருக்கும் தலைவலி. அப்புறம் காய்களைப் பழையபடி அடுக்கிவைத்துவிட்டு, அலசுவதாக இருந்தால் வேறு அறைக்குப் போங்கள். பக்கத்துப் போர்டில் இன்னும் ஒருவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

காய் அடுக்குவது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு, செந்தோசாவில் 2024 டிசம்பர் 12 அன்று நடந்ததைக் காட்டலாம். உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டத்தில், அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் தோல்வியை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டு எழுந்து போனார். எதிரே ஆடிய இந்தியாவின் குகேஷுக்கு வயது 18, ஏழரைக்கு ஆறரை என்று உலகப் பட்டம் கையில். அழுதுகொண்டே அவர் செய்தது காய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆரம்ப நிலைக்கு வைத்ததுதான். எல்லா ஆட்டத்துக்குப் பிறகும் அவர் செய்கிற வேலை அது. உங்கள் மகள் அந்தப் படத்தைப் பார்க்கட்டும், நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம்.

நடுவரின் முடிவு தவறு என்று பட்டால்? முதலில் அமைதியாகக் கேட்டு, அவர் சொன்னபடி ஆட்டத்தைத் தொடருங்கள். மேல்முறையீட்டுக்கு என்ன வழி, எத்தனை நேரத்துக்குள், எவ்வளவு முன்பணம் என்பது போட்டி அறிவிப்பில் இருக்கும். போட்டி விதி தடுக்காதவரை கையெழுத்துப் போட்ட பிறகும் மேல்முறையீடு செய்யலாம். மண்டபத்துக்குள் குரல் உயர்த்தினால் உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் தண்டனை உங்களுக்கு வரும், எச்சரிக்கையிலிருந்து நேரக் குறைப்பு, தோல்வி, வெளியேற்றம் வரை அவருக்கு வழிகள் உண்டு.

நீங்கள் கேட்காத, ஆனால் உங்களுக்கு வரக்கூடிய ஒன்று பாக்கி இருக்கிறது. சுவிஸ் முறையில் ஒரே புள்ளியில் இருப்பவர்களை எதிரெதிரே போடுவார்கள். பேரிங் போடும் மென்பொருளுக்கு அப்பா மகள் என்று தெரியாது. இடையில் ஏதாவது ஒரு சுற்றில் உங்கள் பெயருக்கு எதிரே அவள் பெயர் வரலாம். அப்போது "ஒரு டிரா போட்டுக்கொள்வோம்" என்றோ, அவள் பரிசுக்கு நெருங்கியிருக்கிறாள் என்று விட்டுக்கொடுக்கவோ வீட்டிலேயே முடிவுசெய்யாதீர்கள். முன்கூட்டியே பேசி முடிவு வைப்பது ஃபிடே விதிகளின்படி முறைகேடு, அது மற்ற ஆட்டக்காரர்களின் புள்ளியையும் இடத்தையும் தொடுகிறது. காலையில் ஒன்றாகவே புறப்பட்டுப் போங்கள், மண்டபத்தில் எதிரெதிரே உட்காருங்கள், கை கொடுங்கள், முழு ஆட்டம் ஆடுங்கள். நீங்கள் ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறு காயை ஆடினால், அவள் கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்கட்டும்.